ஏழையின் கையில் காசு: ஒரு சந்தேகத்தின் வரலாறு

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று ஊர்கள் பல தலைமுறைக்கு நினைவில் வைத்திருந்த அந்தக் கொடுமை, சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. விளைச்சல் குறைந்தது உண்மைதான். ஆனால் கப்பலிலும் ரயிலிலும் தானிய மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டும் இருந்தன. உழவு நின்றதும் விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று. தறிக்காரர் நெய்த துணியை வாங்க ஆளில்லை. பசிக்கு விற்கக் கொண்டுபோன மாட்டுக்கு விலையில்லை. அதே நேரத்தில் தானிய விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. சந்தையில் தானியம் இருந்தும் அதை வாங்கக் காசில்லாமல் போனவர்களே முதலில் செத்தார்கள். பஞ்சத்தை விளைச்சல் கணக்கை மட்டும் வைத்து அளக்கக் கூடாது, மக்களின் வாங்கும் சக்தியையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அமர்த்தியா சென் 1981இல் வாதிட்டார். அந்த வாதத்துக்குச் சான்று தேடினால் நம் மண்ணிலேயே நிறையக் கிடைக்கும்.

அன்றைய அரசுக்கு முன்னால் இருந்த கேள்வி, பசித்தவருக்கு உதவுவதா வேண்டாமா என்பதோடு நிற்கவில்லை. உதவி கேட்டு வருபவர் உண்மையிலேயே பசித்தவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அதிகாரிகளைப் பெரிதும் வாட்டியது. வைஸ்ராய் லிட்டன் 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். 1874இல் பீகார், வங்காளப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கிச் சாவைத் தடுத்தவர் இதே டெம்பிள்தான். வீண் செலவு செய்தார் என்று அதற்காக அவர் பழி சுமந்திருந்தார். இம்முறை அவர் கை இறுகியது. நிவாரண வேலைக்கு வருபவர் நாளெல்லாம் மண் வெட்டிக் கல் உடைத்தால், ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் சிறு காசும்தான் கூலி. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சிறைக் கைதிக்குக் கிடைக்கும் உணவுகூட உழைக்க வந்தவருக்குக் கிடைக்கவில்லை என்று கணக்குக் காட்டினார். முகாம்களில் சாவு பெருகிய பிறகு கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அடிப்படைச் சிந்தனை மாறவில்லை. உதவி வலிக்க வேண்டும், வலித்தால்தான் தேவையில்லாதவர் வரமாட்டார் என்பதே அந்தச் சிந்தனை. கடும் வேலை ஒரு சோதனையாக இருந்தது. வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் முகாமுக்கு நடப்பது இன்னொரு சோதனை. சமைத்த கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பதும், சாதி பார்க்கும் சமூகத்தில், ஒரு சோதனையாகவே கருதப்பட்டது.

இந்தச் சிந்தனை இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. 1795இல் பெர்க்ஷயர் மாவட்ட நீதிபதிகள் ஸ்பீனம்லாண்ட் என்ற ஊரில் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். ரொட்டி விலை ஏற ஏற, கூலிக்காரரின் வருமானத்தில் விழும் துண்டைத் திருச்சபைப் பகுதியின் வரிப்பணத்திலிருந்து காசாகத் தரலாம் என்றார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்துத் தொகையும் குறித்தார்கள். பல பகுதிகள் இதைப் பின்பற்றின. இந்தக் காசு ஏழைகளைச் சோம்பேறிகளாக்கியது, பிள்ளைகளைப் பெருக்கியது, கூலியைக் குறைத்தது என்று 1834இல் அரச ஆணையம் ஒன்று அறிக்கை தந்தது. உதவி பெறுபவரின் நிலை, உழைத்துப் பிழைப்பவர்களில் மிகக் கீழே இருப்பவரின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்ற கொள்கை சட்டத்தில் ஏறியது. ஏழை விடுதிகள் எழுந்தன. அந்த ஆணையம் திரட்டிய தரவுகளைப் பொருளாதார வரலாற்றாளர் மார்க் பிளாக் 1960களில் மீண்டும் ஆராய்ந்தார். அறிக்கையின் முடிவுகளை அதன் தரவுகளே தாங்கவில்லை என்று காட்டினார். கூலி குறைந்ததும் வேலையின்மையும் முதலில் வந்தன, காசு உதவி அவற்றுக்கு மருந்தாக வந்தது என்பது அவர் வாசிப்பு. நோய்க்கு மருந்தே காரணம் என்று தீர்ப்பெழுதிய அறிக்கை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் பல நாடுகளில் ஏழை உதவியின் வடிவத்தைத் தீர்மானித்தது.

தாது வருஷத்துக்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. பஞ்சத்தில் உயிர் காப்பது அரசின் கடமை என்று அது ஏற்றது. வேலை செய்ய முடியாத முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் ஊரிலேயே உதவி தரவும் வழி சொன்னது. பஞ்சச் சட்டத் தொகுப்புகள் அதிலிருந்து பிறந்தவை. ஆனால் அந்த அறிக்கையில் ஒரு அச்சமும் வெளிப்படையாக இருந்தது. பஞ்சக் காலத்தில் உதவி கேட்பது ஏழையின் உரிமை என்று ஒப்புக்கொண்டால், நாளை எந்தக் காலத்திலும் உதவி கேட்பது உரிமை என்று ஆகிவிடும், அது பேராபத்து என்பதே அந்த அச்சம். அடுத்த நூற்றைம்பது ஆண்டில் தமிழ்நாட்டில் அதுதான் மெல்ல மெல்ல நடந்தது. அதனால் நாடு கெடவில்லை, எளிய வீடுகள் நிமிர்ந்தன. ஒவ்வொரு சோதனையும் தகுதியில்லாதவரை நிறுத்தியதைவிடத் தகுதியுள்ளவரையே அதிகம் வதைத்தது என்பதும், சோதனை குறைந்த இடத்தில் காசு தன் வேலையைச் செம்மையாகச் செய்தது என்பதும் இந்த வரலாறு நமக்குக் காட்டும் உண்மைகள்.

1962 ஏப்ரலில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாநிலம் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். உத்தரப் பிரதேசமும் கேரளமும் சில ஆண்டு முந்திக்கொண்டாலும், பஞ்சமில்லாத சாதாரணக் காலத்தில், வேலை எதுவும் வாங்காமல், முகாமுக்கு வரச் சொல்லாமல், ஏழை ஒருவரின் பெயருக்கு அரசு மாதாமாதம் காசு அனுப்புவது இந்த மண்ணுக்குப் புதிது. 1974இல் மாற்றுத்திறனாளிகளுக்கும், 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1981இல் முதிய விவசாயத் தொழிலாளர்களுக்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இது விரிந்தது. அரசு கோப்புகளில் இவை சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள். ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், முதியோர் ஓய்வூதியத்தின் ஆங்கிலச் சுருக்கமான ஓ.ஏ.பி. பணம்.

அந்தப் பணம் பல பத்தாண்டுகள் மணியார்டராக வந்தது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, படிவத்தில் பெருவிரல் ரேகை வாங்கி, நோட்டை எண்ணிக் கொடுப்பார். சில ஊர்களில் அதிலும் கொஞ்சம் கழியும். ஆனாலும் அது கிழவியின் பெயருக்கு, கிழவியின் கைக்கு வந்த பணம். மகன் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கிக் கிடந்தவர் மாதத்தில் ஒரு நாளாவது பெயர் சொல்லி அழைக்கப்பட்டார். வெற்றிலை, மாத்திரை, பேரப்பிள்ளைக்கு மிட்டாய், கடைக்காரரிடம் பழைய பாக்கி என்று அது பிரியும். தொகை சிறியதுதான். ஆனால் அது ஒரு தேதியில் வரும், அடுத்த மாதமும் வரும். அந்த நிச்சயத்தை நம்பித்தான் கடைக்காரர் கடன் கொடுப்பார், மருமகள் ஒரு வாய்ச் சோறு கூடுதலாகப் போடுவார். வாங்கியவர் குடும்பத்துக்குச் சுமை என்ற நிலையிலிருந்து, சிறிதளவேனும் பங்கு தருபவர் என்ற நிலைக்கு ஏறினார். நிவாரணக் கூலி ஒருநாளும் தராத ஒன்றை மாதம் 20 ரூபாய் தந்தது.

ஆயினும் பழைய சந்தேகம் ஒழியவில்லை. முகாமிலிருந்து அது தாலுகா அலுவலகத்துக்கு இடம் மாறியது. முதியவருக்கு வருமானம் இருக்கக் கூடாது என்பதோடு, அவரைக் காப்பாற்ற வயது வந்த மகனோ பேரனோ இருக்கக் கூடாது என்பதும் தகுதி விதியாக இருந்தது. மகன் இருப்பது ஒன்று, அவர் சோறு போடுவது வேறொன்று. கட்டிட வேலைக்கு வெளியூர் போன மகன், தன் பிள்ளைகளுக்கே போதாமல் திண்டாடும் மகன், குடியில் விழுந்த மகன் என எல்லோரும் கோப்பில் ஒரே மகன்தான். ஓய்வூதியம் வேண்டுமென்றால் பெற்ற பிள்ளையை இல்லை என்று எழுதிக்கொடுக்கும் நிலைக்குத் தாய்மார்கள் தள்ளப்பட்டார்கள். வயதுக்குச் சான்று, ஆதரவற்றவர் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று, வருவாய் ஆய்வாளர் விசாரணை, தாசில்தார் ஆணை என்று ஒரு மனு நகர மாதங்கள் ஆகும். வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கொடுத்த மனுவின் நகலை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த ஜமாபந்திக்கும் வந்து நிற்பார்கள். பேருந்துக் கட்டணம், மனு எழுதுபவருக்குக் காசு, இழந்த கூலி, யார் யாரிடமோ கெஞ்சல் எல்லாம் சேர்ந்தால், இதுவும் கல் உடைப்பதைப் போன்ற சோதனைதான். எழுதப் படிக்கத் தெரிந்த உறவினரும் ஊரில் செல்வாக்கும் உள்ளவர் அதைத் தாண்டிவிடுவார். யாருக்காகத் திட்டம் வந்ததோ அந்தத் தனித்த முதியவர் அதில் தடுக்கி விழுவார்.

தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்து, பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளரான எஸ். குகன், இந்த ஓய்வூதியங்களை 1980களின் தொடக்கத்திலேயே ஊன்றி ஆராய்ந்தார். ஏழை நாடு என்பதால் சமூகப் பாதுகாப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சிறு தொகையாக இருந்தாலும் நாடு முழுவதும் தர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டு அனுபவத்தைச் சான்றாக வைத்தார். 1995 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கி, நாடு முழுவதும் ஏழை முதியோருக்கு ஓய்வூதியம் தர முன்வந்தது. இத்தகைய ஓய்வூதியங்களின் நடப்பைப் பற்றிய முக்கியமான சான்று 2010இல் வந்தது. பூஜா தத்தா, ஸ்டீபன் ஹவ்ஸ், ரிங்கு முர்கை ஆகிய மூவரும் கர்நாடகம், ராஜஸ்தான் மாநிலங்களின் முதியோர், விதவை ஓய்வூதியங்களை ஆராய்ந்தார்கள். ஏழைகளுக்கான பிற திட்டங்களோடு ஒப்பிட்டால் இவற்றில் கசிவு குறைவு, பணம் பெரும்பாலும் ஏழைகளிடமே சேர்கிறது என்று கண்டார்கள். தொகை சிறியதாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். திருட ஆசைப்படும் அளவுக்குப் பணமில்லை. ஆனால் கிடங்கு, லாரி, ஒப்பந்ததாரர், எடைக்கல் என்று இடையில் எதுவும் இல்லாமல் ஒரு பெயருக்கு ஒரு தொகை என்ற எளிமைக்கும் அதில் பங்கு உண்டு.

2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்த வரிசையில் மிகப் பெரிய அடி. ஆதரவற்றவர் என்று நிரூபிக்க வேண்டிய தேவை இல்லாமல், குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள் தேர்வானார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என வரம்புகள் இருந்தன. யாருக்கு என்பதில் நிபந்தனை உண்டு, எதற்குச் செலவிட என்பதில் இல்லை. கர்ப்பிணிகளுக்கு 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பதிவு, பரிசோதனை, தடுப்பூசி என்ற படிகளோடு பணத்தைக் கட்டியது. உரிமைத் தொகை எந்தப் படியும் வைக்கவில்லை. இதன் பின்னால் இருப்பது ஒரு நம்பிக்கை: வீட்டுக்கு எது அவசரம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை என்ன என்று பார்க்க, கூலி வாங்கும் வீட்டின் மாதக் கணக்குக்குள் இறங்க வேண்டும். அங்கே வருமானம் குறைவு என்பது பாதித் துன்பம், அது எப்போது வரும் என்று தெரியாதது மீதி. மழை பெய்தால் சித்தாள் வேலை இல்லை. காய்ச்சல் வந்தால் கூலியும் இல்லை, மருந்துச் செலவும் சேரும். அந்தப் பள்ளத்தைத் தண்டல்காரர் நிரப்புகிறார். பத்தாயிரம் என்று பேசி, முன்வட்டி பிடித்து ஒன்பதாயிரத்தைக் கையில் தருவார். நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிப்பார். குழுக்கடனுக்கு வாரத் தவணை தனி. மளிகைக் கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்குபவர் விலை கேட்க முடியாது, கடையை மாற்றவும் முடியாது. கையில் இருநூறு ரூபாய் இல்லாத நாளில் ஒரு வீடு எடுக்கும் முடிவுகள் எல்லாம் விலை உயர்ந்தவை. வட்டிக்கு வாங்குவது, தோட்டை அடகு வைப்பது, ஆட்டை நேரம் பார்க்காமல் விற்பது, பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது எல்லாம் அப்படி வருபவை. தேதி தவறாமல் வரும் ஆயிரம் ரூபாய் அந்த வீட்டை ஏழ்மையிலிருந்து தூக்கிவிடாது. ஆனால் அடுத்த கடன் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போட வைக்கும், சிலிண்டரைக் கடனில்லாமல் மாற்ற வைக்கும், குறைந்த கூலிக்குக் கூப்பிடுபவரிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்ல வைக்கும். ஏழைக்கு வசதி என்பது இங்கேதான் தொடங்குகிறது.

மத்தியப் பிரதேசத்தில் 2011 முதல் நடந்த சோதனைத் திட்டம் இதை அளந்து காட்டியது. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, யுனிசெஃப் ஆதரவுடன் நடத்திய அதில், சில கிராமங்களில் எல்லோருக்கும், பணக்காரர் ஏழை பார்க்காமல், பெரியவருக்கு மாதம் 200, பிள்ளைக்கு 100 ரூபாய் தரப்பட்டது. பின்னர் தொகை 300, 150 ஆனது. பெண் குழந்தைகளின் எடை தேறியது, பள்ளி வருகை கூடியது, கடன் குறைந்தது, ஆடு மாடு பெருகியது. கூலி வேலையிலிருந்து சொந்த நிலத்து வேலைக்குப் பலர் திரும்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் கறுப்பின முதியோருக்கு ஓய்வூதியம் பெருமளவு உயர்ந்தபோது நிகழ்ந்ததை எஸ்தர் டஃப்லோ ஆராய்ந்தார். பாட்டி ஓய்வூதியம் வாங்கிய வீடுகளில் பேத்திகளின் உடல்நலம் தேறியது. தாத்தா வாங்கிய வீடுகளில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. முதியவருக்கென்று கொடுத்த பணம் முதியவரோடு நிற்பதில்லை என்பதையும், யார் கையில் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதையும் இந்த ஒரே சான்று சொல்கிறது. மகன் இருந்தால் ஓய்வூதியம் இல்லை என்ற விதி எவ்வளவு குறுகிய பார்வை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இதற்கு எதிராக முதலில் எழும் குரல், பணம் டாஸ்மாக் கடைக்குப் போய்விடும் என்பது. குடியால் சிதைந்த குடும்பங்கள் நம்மைச் சுற்றி ஏராளம் என்பதால் இந்தக் கவலையை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடவில்லை என்றே தெரிந்தது. குடிக்கிறவர் பணம் வந்ததால் குடிக்கத் தொடங்கியவர் அல்லர். அவருடைய கூலி ஏற்கெனவே அங்கேதான் போகிறது. மனைவியின் கணக்கில் வரும் பணம் அந்த வீட்டில் குடிக்கு அப்பாற்பட்ட ஒரே தொகையாகக்கூட இருக்கலாம். அதைப் பிடுங்கும் கணவர்களும் உண்டு. அதற்கு மருந்து பெண்ணின் கணக்கை வலுப்படுத்துவதே தவிர, பணத்தை நிறுத்துவது ஆகாது. சோம்பேறித்தனம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களை ஆராய்ந்து, உழைப்பு குறைந்ததற்குச் சீரான சான்று இல்லை என்று 2017இல் எழுதினார்கள். மாதம் ஆயிரம் ரூபாயை நம்பி வேலையை விட எந்தக் குடும்பத்தாலும் முடியாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும்.

விலைவாசி ஏறும் என்ற வாதத்துக்குக் கென்யாவின் சியாயா மாவட்டத்தில் விடை கிடைத்தது. அங்கே நடந்த ஆய்வொன்றில், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஆயிரம் டாலர் அளவுக்குக் கொடுத்தும் விலை ஏற்றம் மிகச் சொற்பம். பக்கத்துக் கடைக்காரரும் கொத்தனாரும்கூடப் பயனடைந்தார்கள். இவற்றைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: காசைக் கொடுத்துவிட்டு அரசு தன் மற்றக் கடமைகளைக் கைகழுவும். இது வெறும் கற்பனைப் பயமில்லை. புதுச்சேரியில் 2015இல் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற மத்திய அரசின் முறை வந்தது. வந்த பணத்தில் அதே அரிசியை வெளிக்கடையில் வாங்கப் பல வீடுகள் திண்டாடின. அரிசியே வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டு அங்கே அரசியலாக நீடித்தது. பணத்தின் மதிப்பு விலைவாசியோடு கரையும், படி அரிசி கரையாது. ஆகவே காசு, அரிசியின் மேல் வைக்கும் கூடுதலாக வர வேண்டும். அரிசியின் இடத்தில் வரக் கூடாது. தமிழ்நாட்டில் இது ஓரளவு வேலை செய்வதற்கு, அனைவருக்குமான ரேஷனும், சத்துணவும், அரசு மருத்துவமனையும், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தும் அடியில் இருப்பதே காரணம்.

காசு எல்லாம் செய்துவிடும் என்று சொல்பவரும் வரலாற்றைச் சரியாகப் படிக்கவில்லை. அமெரிக்காவில் ஆயிரம் ஏழைத் தாய்மாரிடம் நடந்த ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டாலர் தந்து நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களுடைய பிள்ளைகளின் வளர்ச்சியில் மற்றப் பிள்ளைகளைவிடத் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. வாடகையும் மருத்துவமும் விழுங்கும் நாட்டில் அந்தத் தொகை எட்டும் தூரம் அவ்வளவுதான். நம்மிடமும் நல்ல பள்ளியையோ நியாயக் கூலியையோ ஆயிரம் ரூபாயால் வாங்க முடியாது. ஒரு கோடிப் பெண்களுக்கு ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய் என்பது அரசுக்கும் சிறு தொகை அன்று. அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்று கேட்பது மக்களின் கடமை. ஆனால் அந்தக் கேள்வியைப் பெருநிறுவனங்களின் வரிச் சலுகையிடமும் கேட்க வேண்டும். ஏழைக்குக் கொடுப்பதை மட்டும் இலவசம் என்று எழுதுவது 1834ஆம் ஆண்டின் கண்ணாடியை இன்னும் கழற்றாமல் இருப்பதே.

செய்ய வேண்டியவை இந்த வரலாற்றிலிருந்தே தெளிவாகின்றன. மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழைக்குத் தரும் பங்கு இன்னும் 200 ரூபாயிலேயே நிற்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டாக அசையவில்லை. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 2011இல் ஓய்வூதியத்தை 1,000 ரூபாய் ஆக்கியது. அடுத்து 1,200 ஆவதற்கு 2023 வரை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு தேர்தலோ ஓர் அறிவிப்போ தேவைப்படுகிறது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி விலைக் குறியீட்டோடு தானாக ஏறுவதுபோல, இந்தத் தொகைகளும் ஏற வேண்டும். மகன் இருக்கிறாரா என்று கேட்பதை நிறுத்தி, வயதையும் வாழ்நிலையையும் மட்டும் பார்க்க வேண்டும். தகுதியில்லாத சிலர் நுழைந்துவிடுவார்கள் என்றால், நுழையட்டும். அவர்களைத் தடுக்கக் கட்டிய வேலிகளில் தகுதியுள்ளவர் எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதற்குத் தாது வருஷத்து முகாம்களிலிருந்து நேற்றைய ஜமாபந்தி வரை சாட்சி இருக்கிறது. ஏழை பொய் சொல்வாரோ என்ற சந்தேகத்துக்கு இந்த நாடு நூற்றைம்பது ஆண்டு விலை கொடுத்திருக்கிறது. அவரை நம்பியதால் இழந்தது அதோடு ஒப்பிட மிகச் சொற்பம். இனி நிரூபிக்கும் சுமையை, கையேந்தி நிற்பவரின் தோளிலிருந்து சந்தேகப்படுபவரின் தோளுக்கு மாற்றுவதே நியாயம்.